எதிர் டாக்டர் எழுதாத சீட்டு

என் கிளினிக்கின் ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர் டாக்டரின் வாசல் தெரியும். மூன்று படிகள், கீழே ஒரு சிமெண்டுத் தளம், தளம் நிறையச் செருப்புகள். நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு, அவர் இழுத்து விடுவதற்குள் நான் அந்தச் செருப்புகளை எண்ணிவிடுவேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ரயில் போனால் பெட்டிகளை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். என் வாசலில் ஒன்பது ஜோடி கிடந்தால் அங்கே பதினான்கு கிடக்கும். இங்கே பதினான்கு என்றால் அங்கே தளம் நிறைந்து தெருவில் இறங்கியிருக்கும். ஒரே ஒரு மழைநாளில் எனக்கு ஆறும் அவருக்கு ஐந்தும் இருந்தன. அன்று ராத்திரி நான் ஒரு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். ஆனால் அங்கே ஒருவர் செருப்பில்லாமல் வந்திருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அவரும் நானும் ஒரே மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். எனக்கு இரண்டு வருடம் இளையவர். தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே உள்ள தெருவில் நான் கிளினிக் திறந்து, ஊர் என்னை நம்பத் தொடங்கியிருந்த சமயம், நேர் எதிரே காலியாகக் கிடந்த வீட்டை அவர் வாடகைக்குப் பிடித்தார். பிடிப்பதற்கு முன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லியே?" என்று கேட்டார். அப்படி முகத்துக்கு நேரே கேட்டால் சங்கடம் என்று யார் சொல்வார்கள்? என் நோயாளிகள் அவரை 'எதிர் டாக்டர்' என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் அவருடைய நோயாளிகளுக்கு நான்தான் எதிர் டாக்டர். அவர்கள் என்னைப் 'பழைய டாக்டர்' என்றார்கள். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, எல்லோரும் காத்திருக்கிறார்களே என்ற அவசரம் இல்லாமல் நடந்து வருவார். ஒரு காய்ச்சலைப் பார்க்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் நான்கு காய்ச்சல் பார்த்துவிடுவேன். என் மருந்துக்கும் காய்ச்சல் அதே நேரத்தில்தான் இறங்கும். ஆனாலும் அவர் பெஞ்சில்தான் ஆள் இருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களை அவர் திட்டுவது தெருவைத் தாண்டி எனக்குக் கேட்கும். "ஏலே, ஊறுகாயத் தொட்டேன்னா கைய முறிச்சிருவேன்" என்பார். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள். நான் யாரையும் திட்டியதில்லை. எல்லோரையும் வாங்க, உட்காருங்க என்பேன். மருந்துகளைப் பற்றிப் புதிதாக என்ன வந்தாலும் வாங்கிப் படிப்பேன். இதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. யாராவது ஒருவர் ஊருக்குப் போனால் கதவில் ஓர் அட்டை தொங்கும்: 'டாக்டர் ஊரில் இல்லை. எதிர் கிளினிக்கில் பார்க்கவும்.' இரண்டு கிளினிக்கிலும் ஒரே மாதிரி அட்டை. ஒரே கடையில் ஒரே நாளில் எழுதி வாங்கியது. இந்த அட்டையைத் தொங்கவிடுவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. என் நோயாளி ஒருமுறை அந்தப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டால் திரும்பி வரமாட்டார் என்ற பயம்.

ஐந்தருவிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் திருநங்கையை நான் முதலில் பார்த்தது ஒரு மத்தியானம். எதிர் டாக்டர் வெறுங்காலோடு, சுடுகிற தெருவைக் கடந்து என் அறைக்குள் வந்தார். கையில் ஒரு மருத்துவக் கோப்பு. பின்னால் அவள். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நான் தெருவில் போகும்போது அவருடைய பெஞ்சு எனக்காக எழுந்ததில்லை.

"அண்ணாச்சி, இது நம்ம குத்துக்கல்வலசை ஆச்சி மக. சின்னப் புள்ளையிலயே எங்கிட்டத்தான் வருவா. மதுரையில ஆபரேசன் முடிஞ்சி, அங்க பெரிய டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. மாசாமாசம் யாராச்சும் சீட்டு எழுதணும். எனக்கு இதுக்குக் கை வரல. நீங்க எழுதணும்."

"கை வரலன்னா?" என்றேன்.

"மனசு ஒப்பல, அண்ணாச்சி. படைச்சத மாத்துத வேலையில நான் கைய வைக்க மாட்டேன். அவகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

அவள் பின்னாலிருந்து என் பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சளிக்குக் கை வரும், பேதிக்குக் கை வரும், இதுக்கு மட்டும் வராதாம். சங்கரன்கோயில்ல பாதி ஒரு சாமி, பாதி ஒரு சாமின்னு நிக்காவல்லா, அங்கன போயி இவுக விழுந்து விழுந்து கும்பிடுதாவ. அது எப்படின்னு கேட்டா பதிலக் காணோம்."

"ஏட்டி, சாமிய வம்புக்கு இழுக்காத. வாய மூடிட்டு உக்காரு."

"சீட்ட எழுதுங்க, மூடுதேன்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் கோப்பைப் படித்தேன். அறுவை சிகிச்சை முடிந்த உடம்பு அது. ஆண் ஹார்மோன் சுரப்பும் இல்லை, பெண் சுரப்பும் தானாக ஊறாது; அதை மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் திடீர் திடீரென்று உடம்பு தீயாய் எரியும், தூக்கம் போகும், நாளடைவில் எலும்பு தேயும். அழகுக்கான மாத்திரை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. சர்க்கரைக்காரனுக்கு இன்சுலின் மாதிரி அவளுக்கு அது. எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. மதுரை டாக்டர் எழுதிய அளவை ஒரு புள்ளி மாறாமல் எழுதிக் கொடுத்தேன். மனதுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. அங்கே ஒரு ஜோடி குறைகிறது, இங்கே ஒரு ஜோடி கூடுகிறது, வித்தியாசம் இரண்டு.

கணக்கு தப்பு. மாதம் ஒருமுறை அவள் என்னிடம் வருவாள், சீட்டை வாங்குவாள், "சரி டாக்டர்" என்பாள். அப்புறம் தெருவைக் கடந்து அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். காய்ச்சல், சளி, வாய்வு எல்லாவற்றுக்கும் அங்கேதான். அவள் அம்மாவின் முட்டுவலிக்கும் அங்கேதான். அருவிச் சீசனில் மங்குஸ்தான் கொண்டுவருவாள். எனக்கும் கொண்டுவருவாள், குறை சொல்ல முடியாது. மங்குஸ்தான் பழத்தின் அடியில் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எனக்கு வந்த பழங்களைத் திருப்பித் திருப்பி இதழ் எண்ணுவேன். பெரும்பாலும் ஐந்து, ஆறு. ஒருநாள் எதிர் டாக்டரின் மேசையில் இருந்த பழத்தை, பேச்சுவாக்கில் எடுப்பது போல எடுத்துத் திருப்பினேன். எட்டு.

என் ஜன்னலில் இருந்து அவர்கள் சண்டை போடுவது கேட்கும். அவள் அவரை வீம்பு பிடித்த கிழவர் என்பாள். அவர் அவளை வாயாடி என்பார். அவர் அவளை ஏட்டி என்று கூப்பிடுவதற்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதற்கும் எந்த வேறுபாடும் இருக்காது. நான் அவளை, படித்துத் தெரிந்துகொண்டபடி, மிகுந்த மரியாதையோடு, வாங்கம்மா என்பேன். இல்லை என்று சொன்னவரோடு அவளுக்கு அவ்வளவு சிரிப்பு. மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லாத எனக்கு 'சரி டாக்டர்'. ஒருமுறை பொறுக்காமல் கேட்டே விட்டேன்: "அவர்தான் முடியாதுன்னுட்டாரே, அங்க என்ன அப்படிப் பேச்சு?" அவள் கொஞ்சம் முழித்தாள். "சும்மாத்தான் டாக்டர், வையுதாவ, நானும் வையுதேன்" என்றாள். பிறகு சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

ஒரு கல்யாணத்துக்காக எதிர் டாக்டரும் நானும் அவருடைய காரில் செங்கோட்டைக்குப் போனோம். வழியில் பேச்சை எடுத்தேன். "தம்பி, நான் எதிர்ல இருக்கேங்குற தைரியத்துலதான் உமக்கு மனசாட்சியே. நான் எழுதப்போய் அந்தப் பொண்ணு நல்லா இருக்கா. உமக்கும் பாவம் இல்ல, பழியும் இல்ல. என் பேனாவுல உம்ம மனசாட்சி ஓடுது." இதைச் சொல்ல வேண்டும் என்று நான் பல நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா அண்ணாச்சி, அது நெசந்தான்" என்றார். எதிர்த்துப் பேசுவார் என்று அடுத்த வாக்கியத்தையும் தயாராக வைத்திருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்யாண வீடு வரும்வரை மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த சீசன் தொடங்கும்போது எனக்கு நெஞ்சில் அடைப்பு. மதுரையில் என் மகன் வீட்டுக்குப் போனேன், ஆபரேசன் ஆனது. போகும்போது அவளுக்கு ஒரு மாதத்துக்கான சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. நெஞ்சுக் காயம் ஆறாமல் சீழ் கோத்துக்கொண்டது. மாதம் ஒன்று போய் இரண்டாவதும் நடந்தது. என் கம்பவுண்டர் வழக்கம்போல அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். எதிர் கிளினிக்கில் பார்க்கவும் என்று எல்லோருக்கும் சொன்ன அட்டை அவளுக்கும் அதையே சொல்லிற்று.

மகன் வீட்டில் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். இப்போது எதிரே நான் இல்லை. அவர் என்ன செய்வார்? எழுதினால், செங்கோட்டை ரோட்டில் நான் சொன்ன வாதம் ஜெயித்துவிடும். எழுதாவிட்டால் அவள் உடம்பு எரியும். அந்த மனசாட்சியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன், இரண்டிலும் எனக்குத்தான் லாபம். அவள் உடம்பை அந்தக் கணக்கில் எங்கே வைத்தேன் என்று இப்போது நினைவில்லை. பொறாமைக்காரனின் கணக்கில் அப்படிச் சில இலக்கங்கள் விட்டுப்போகும்.

கம்பவுண்டர் போன் செய்தார். "ஐயா, பழக்கடைப் பொண்ணு வந்துச்சி. அட்டையப் பாத்துட்டுச் சிரிச்சிட்டே எதிர்த்தாப்புல போச்சி. அவுக எழுதலியாம். மெடிக்கல்ல பழைய சீட்டுக்குக் குடுக்க மாட்டேன்னுட்டான். பாவம், சாரல்ல ஊரே போத்திக்கிட்டுக் கெடக்கு, இது கடையில ஈரத் துண்ட தலையில போட்டுக்கிட்டு விசிறிட்டு உக்காந்திருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்த மதுரை டாக்டரு ஊர்ல இல்லியாம், படுத்திருக்குற ஒங்களத் தொந்தரவு செய்யக் கூடாதுன்னுட்டு அவுக திருநெல்வேலிக்கு மூணு டாக்டருக்குப் போன் போட்டாவ. ஒண்ணும் சரிப்படல போல. ஞாயித்துக்கிழம காலையில அதயும் கார்ல ஏத்திட்டுக் கொல்லத்துக்குப் போயிட்டாவ. கூடப் படிச்ச டாக்டர் யாரோ அங்கன இருக்காராம்."

நான் எண்ணாமல் விட்டது இந்த மூன்றாவது வழியைத்தான். எழுதவும் இல்லை, விடவும் இல்லை. மறு மாதமும் போனாராம். விபூதியும் வெள்ளை வேட்டியுமாக அவர் ஓட்ட, முன் சீட்டில் அவள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் படுக்கையில் இருந்தபடியே கம்பவுண்டரிடம், அவர் வாசலில் எத்தனை செருப்பு கிடக்கிறது என்று கேட்டேன். "முன்னமாதிரி இல்ல ஐயா, கொறச்சல்தான். கோயில் ஆட்கள் கொஞ்சம் பேரு வாரதில்ல" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கு இழப்பதற்கும் ஏதோ கிடைத்துவிட்டதே என்றுதான் இருந்தது.

நான் திரும்பி வந்து மறுபடி எழுதத் தொடங்கியபோது, அந்தப் பயணத்தைப் பற்றி அவளிடம் கேட்டேன். என்னிடம் அவள் அதிகம் பேசிய நாள் அதுதான். "புளியறை செக்போஸ்ட்ல போலீஸ்காரன் கார மறிச்சான் டாக்டர். என்னையப் பாத்தான், அவுகளப் பாத்தான், மறுபடி என்னையப் பாத்தான். அவுக கண்ணாடிய எறக்கி, 'என்னலே பாக்க? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?'ன்னாவ. அவன் பயந்து போயி சல்யூட் அடிச்சிட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கல." கொல்லத்தில் அந்த டாக்டரின் வாசலில் மத்தியானம் வரை காத்திருந்தார்களாம். அவர் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு எதிர் டாக்டரைப் பார்த்து, நீயும் டாக்டர்தானே, இந்த ஒரு வரியை எழுத இவளை இவ்வளவு தூரம் மலையேற்றிக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டாராம்.

"இவுக தலையக் குனிஞ்சிட்டாவ. எனக்கு அதத்தான் பொறுக்க முடியல. 'அவுகளுக்கு முடியாது சார், விடுங்க'ன்னு நாந்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு உடனே முகம் மாறினாள். "ஆனா வீம்புதான் டாக்டர். ஒரு கையெழுத்து. அதுக்கு எனக்கு ஒரு நாள் கட போச்சி, முதுகு ஒடிஞ்சி போச்சி. வார வழி முழுக்க வைஞ்சிட்டே வந்தேன். கேட்டுக்கிட்டே ஓட்டுனாவ."

எனக்காக யாரும் எங்கேயும் அப்படிப் பரிந்து பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் வந்ததில்லை. நான்தான் எழுதிவிடுகிறேனே. சரியாக நடந்துகொள்பவனுக்கு வக்கீல் வேண்டாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது போதவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு மத்தியானம் எதிர் டாக்டர் மறுபடி வெறுங்காலோடு தெருவைக் கடந்து வந்தார். இந்த முறை கோப்பு அவருடையது. புராஸ்டேட்டில் புற்று, எலும்புக்கும் போயிருந்தது. ஆண் சுரப்பை அடியோடு நிறுத்துவதுதான் வைத்தியம். ஊசியைத் திருநெல்வேலியில் போட்டுக்கொள்வார்; மாத்திரைக்கான சீட்டை நான் எழுத வேண்டும். ஒரு டாக்டர் தனக்குத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது என்பார் அவர். எழுதினேன். எழுதி முடித்து, பேனாவை மூடாமல் கேட்டேன்: "தம்பி, இப்போ அந்தப் பொண்ணுக்குக் கை வருமா?"

அவர் சீட்டை வாங்கி ஒரு வரி விடாமல் படித்து, நிதானமாக மடித்தார். அவருடைய நோயாளிகள் மாதிரி நானும் காத்திருந்தேன். "வராது அண்ணாச்சி. ஆனா வரலியேன்னு இப்ப வருத்தமா இருக்கு. முன்னால அந்த வருத்தம் இல்ல." அவ்வளவுதான். எனக்கு முழு வெற்றியாகவும் இல்லை, தோல்வியாகவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு எதுவுமே முழுதாகக் கிடைத்ததில்லை.

அந்த வைத்தியத்தில் அவருக்கும் அனல் அடிக்கத் தொடங்கிற்று. திடீரென்று முகம் சிவந்து, சட்டை நனைந்துவிடும். பார்க்கிற நோயாளியை விட்டுவிட்டு வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போகும் அவள், அவர் பக்கத்தில் போய் உட்காருவாள். தன் ஈரத் துண்டை எடுத்து அவர் கழுத்தில் போடுவாள். "அனல் வருதா டாக்டர்?" "வருது ஏட்டி. ஒனக்கு?" அவள் என்ன சொல்வாள் என்பது என் ஜன்னலுக்குக் கேட்காது, குரலைத் தாழ்த்திவிடுவாள். வெளியே சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருக்கும். தெருவில் போகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த இருவர் மட்டும் ஒருவருக்கொருவர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் சீட்டு எழுதியவன் நான். அந்தப் பெஞ்சில் இன்னும் ஒருவர் உட்காரலாம், இரண்டு பேருக்குக்கூட இடம் இருந்தது. போய் உட்கார எனக்கு எந்த நோயும் இல்லை.

அவர் இறந்தது ஒரு சீசன் முடிகிற நேரத்தில். வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை நான் எண்ண முயன்றேன். தெருமுனை வரை போயிற்று, விட்டுவிட்டேன். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து அழுதாள். யாரும் நகர்ந்து உட்காரவில்லை. அவள் அம்மா வயதில் இருந்த ஒரு கோயில் வீட்டு ஆச்சி அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். என் சாவுக்கு அவள் வருவாள், வந்து உட்காருவாள், இப்படி அழுவாளா என்று அந்த இடத்திலும் எனக்குத் தோன்றிற்று. எழுபதைத் தாண்டியவனுக்கு வருகிற யோசனையா இது என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் போன பிறகு அவள் எனக்கு மிஞ்சுவாள் என்று ஒரு நினைப்பு இருந்தது. மிஞ்சவில்லை. தென்காசியிலேயே இப்போது ஒரு டாக்டரம்மா இருக்கிறார். சின்ன வயது. இந்த வைத்தியத்துக்கென்றே படித்தவர், இதற்காக வாரத்தில் ஒருநாள் ஒதுக்கிப் பார்க்கிறார். யாரையும் யாரும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. யார் மனசு ஒப்புகிறது, யார் மனசு ஒப்பவில்லை என்று விசாரிக்க வேண்டியதில்லை. போய் வரிசையில் உட்கார்ந்தால் போதும். எனக்கும் கை நடுக்கம் வந்து கிளினிக்கை மூடிவிட்டேன். மூடுவதற்கு முன்பே ஒரு மாதம் அவள் வரவில்லை. மறு மாதமும் வரவில்லை. நல்ல விஷயம்தான். வைத்தியம் அப்படித்தான் கிடைக்க வேண்டும் என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்த டாக்டரம்மாவின் பெயர்ப் பலகையைக் கடந்து போகும்போது, முகம் தெரியாத அந்தப் பெண்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஐந்தருவிக்குப் போனேன். குளிக்க அல்ல, நெஞ்சைக் கிழித்துத் தைத்த பிறகு நான் அருவியில் நின்றதில்லை. அவள் கடையைத் தேடிப் போனேன். கூட்டம். ஏழு பேருக்குப் பின்னால் குடையோடு நின்றேன். என் முறை வந்ததும், "வாங்க டாக்டர், நீங்க எங்க இங்கன?" என்று தராசிலிருந்து நிமிர்ந்தாள். ஒரு கிலோ மங்குஸ்தான் கேட்டேன். அவள் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, எதிர் டாக்டர் கேட்பதை எத்தனையோ முறை தூரத்திலிருந்து கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "அனல் இருக்கா?"

"இப்ப இல்ல டாக்டர். இந்த டாக்டரம்மா ரத்தம் பாத்துட்டு, அளவு பத்தாதுன்னு கூட்டிக் குடுத்திருக்காவ. ரெண்டே மாசம், சுத்தமா நின்னு போச்சி. ராத்திரி நல்லாத் தூங்குதேன்."

"அப்போ இவ்வளவு நாளும் இருந்துச்சா? நான் எழுதிட்டு இருந்தப்பவுமா?"

"இருந்துச்சே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"அவுககிட்டச் சொல்லுவேன். பெஞ்சில உக்காந்து அதத்தான பேசிட்டிருப்போம். அவுக, 'பழைய டாக்டர்ட்ட போயிச் சொல்லு ஏட்டி, அளவு மாத்தி எழுதுவாரு, நாஞ் சொன்னா அவருக்குப் பிடிக்காது'ம்பாவ. நாந்தான் சொல்லல."

"ஏன்?"

அவள் தராசுத் தட்டில் இருந்த ஒரு பழத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். "என்ன டாக்டர் இப்பிடிக் கேக்கீய? ஊருக்குள்ள எழுதுதது நீங்க ஒருத்தருதான். அது கொறையுது, இது பத்தாதுன்னு சொல்லப் போயி, ஒங்களுக்கும் மனசு மாறி நிறுத்திட்டா நான் எங்கன போவேன்? மாசாமாசம் ஒங்க ரூமுக்குள்ள பயந்துட்டேதான் வருவேன், சீட்டு கைக்கு வந்ததும் ஓடிருவேன். அவுககிட்ட என்ன பயம்? அவுக மொதல்லயே இல்லன்னுட்டாவ."

அத்தனை வருடம் ஜன்னலில் நின்று, அந்தச் சிரிப்பு ஏன் எனக்கு இல்லை என்று கேட்டிருக்கிறேன். அவர் கொடுக்காததால் அவளுக்கு அவரிடம் வாய் இருந்தது. நான் ஒருவனே கொடுத்ததால் என் முன்னால் அவள் வாய் கட்டியிருந்தது. நான் நல்லவனாக இருந்ததில் குறை இல்லை. நான் ஒருவன் மட்டுமே இருந்ததுதான் குறை. இன்னொருவர் எழுதியிருந்தால் அவள் என்னையும் வைதிருப்பாள்.

"டாக்டர்! எங்க பாத்துட்டு நிக்கீய?" என்று சத்தம் போட்டாள். "கொடைய மடக்குங்க. தண்ணி முழுக்க என் பழத்து மேல சொட்டுது. வயசாச்சே தவிர ஒரு இது இல்ல. அங்கன தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்காவல்லா!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குடையை மடக்கினேன். தள்ளி நின்றேன். சாரல் தலையில் விழுந்தது. பழத்தைக் கட்டிக் கொடுக்க அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி என்று இருந்தது.